நாற்பது நாளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

நாற்பது நாள் ஜமாஅத்தில் போனேன். அதில் நான் கோபப்படாமல் கழிந்த நாள் ஒன்றே ஒன்று. அன்று எனக்குக் காய்ச்சல்.

ஜமாஅத் என்றால் தெரியாதவர்களுக்கு: வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு எட்டுப் பத்துப் பேர் ஒரு குழுவாகக் கிளம்புவோம். பள்ளிவாசல் பள்ளிவாசலாகத் தங்குவோம். அந்தந்தப் பகுதியில் இருக்கும் முஸ்லிம் வீடுகளுக்குப் போய், தொழுகைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவோம். சொந்தச் சமையல், சொந்தப் பாய், சொந்தக் குறட்டை. மூன்று நாளும் போகலாம், நாற்பது நாளும் போகலாம். நான் நாற்பதுக்குப் பேர் கொடுத்ததைக் கேட்டு, "ஆளு மாறிட்டாருப்பா" என்று பல்லாவரத்தில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் என் மனைவிதான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள்.

"ஏங்க, ஒங்க கோவத்தோட இந்த வீட்ல எங்களால மூச்சு உட முடியல. நாப்பது நாள் எங்கனா போய் அல்லாவ மட்டும் நெனச்சிட்டு வாங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்கு வேலை செல்போன் சர்வீஸ். சந்தைக்குப் போகும் வழியில் கடை. டிஸ்ப்ளே மாற்றுவேன், சார்ஜிங் பின் மாற்றுவேன், தண்ணீரில் விழுந்ததை எழுப்புவேன். கடையைத் தம்பி முறையுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, காஷ்மீருக்குத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று ஸ்வெட்டர் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். குறைந்தபட்சம் நாகர்கோவிலாவது கிடைக்கும் என்று நினைத்தேன். தாம்பரம் என்றார்கள். பல்லாவரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று இந்தப் பக்கமே நாற்பது நாளும் சுற்றி, கடைசியில் கோவளம். ஸ்வெட்டரைத் தலையணையாக்கிக்கொண்டேன்.

எங்கள் குழுத் தலைவரை அமீர் சாப் என்று கூப்பிடுவோம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் கொடியை ஆட்டினால்தான் உலகம் நகரும் என்று நம்புகிறவர். முதல் நாளே ஒரு மஞ்சள் பையை விரித்துப் பிடித்தார்.

"எல்லாரும் போன இதுல போடுங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் பதினஞ்சு நிமிஷம் தருவேன். வீட்டுக்குப் பேசிட்டுத் திருப்பிக் குடுத்துடணும். மனசு இங்கதான் இருக்கணும். பாதி மனசு கடைல, பாதி மனசு வீட்ல இருந்தா, இங்க வெறும் ஒடம்புதான் தூங்கும்."

செல்போன் கடைக்காரனிடம் செல்போனைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பை மூலையில் தொங்கும். உள்ளே ஏதாவது ஒன்று உறுமும். உறுமலை வைத்தே அது யாருடையது, எந்த மாடல், மோட்டார் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும்போதே, "பாய், ஒங்களுதுதான். வைப்ரேட்டர் போவப் போவுது, ஊருக்குப் போனதும் கொண்டாங்க" என்று பக்கத்தில் இருந்த ஐ.டி. கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து அமீர் சாப் பையைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அவர் கண்டுபிடிக்காதது வேறு. என் மனதில் ஒரு பத்திரிகை இருந்தது. அதைப் போட அந்தப் பையில் இடமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவன் எனக்கு ஒரே அண்ணன். அந்தப் பெண்ணுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தவன் நான். விழுந்த தழும்பு அவள் முழங்காலில் இல்லை, என் முழங்காலில்தான் இருக்கிறது. பத்திரிகை வந்தது. தங்க நிற ஓரம், உள்ளே மணக்கும் காகிதம். கீழே 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' என்று போட்டு ஒரு பட்டியல். அண்ணியின் உடன்பிறந்தவர்கள் மூன்று பேரும் பட்டங்களோடு இருந்தார்கள். ஒருவர் பேருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று ரயில் பெட்டி மாதிரி கோத்திருந்தது. அண்ணியின் சித்தப்பா இருந்தார். அந்தச் சித்தப்பாவின் மருமகன் இருந்தார். நான் இல்லை.

இரண்டு முறை படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி இருந்தது. அந்த வழியாக நான் போகவில்லை. கல்யாணத்தன்று கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் சரியில்லை என்று வந்த ஒரு அம்மாவின் நல்ல டிஸ்ப்ளேயைக் கழற்றி உடைத்தேன். அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்பான், கேட்டால் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாலு வருஷம்.

ஜமாஅத்தில் இந்த எரிச்சல் அடங்கும் என்று பார்த்தால், அங்கே போனதும் நன்றாகக் கொழுத்தது. வேறு வேலை இல்லையே. 'அல்லாஹு அக்பர்' என்று கையைக் கட்டினால் போதும், கண்ணுக்குள் தங்க ஓரம் விரியும். பி.இ., எம்.பி.ஏ. வரிசையாக நிற்கும். தனியாகத் தொழும்போது இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று சுற்றுக் கணக்குத் தெரியாமல் நடுவில் நின்று முழிப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் உருகிப் போய் நிற்கிறேன் என்று நினைத்தார்கள். "மாஷா அல்லா, எவ்ளோ நேரம் நிக்கறாரு" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அதையும் நான் மறுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை ஆலோசனையில் அமீர் சாப் அடுத்த ஊரைச் சொன்னார். "இன்ஷா அல்லா, நாளைக்குப் பள்ளிக்கரணை."

என் டீ க்ளாஸ் கையிலேயே நின்றது. அண்ணன் வீடு மாற்றிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. கேட்டதில்லை.

மறுநாள் அங்கே போய் இறங்கினோம். பள்ளிவாசல் ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலம், அதற்கு மேலே கொக்குகள், இந்தப் பக்கம் எங்களைக் கடிக்க அந்த நிலம் வளர்த்து அனுப்பிய கொசுக்கள். வேலைகளைப் பங்கு பிரிக்கும்போது நான் முந்திக்கொண்டேன்.

"அமீர் சாப், இன்னிக்கி சமையல் நான் பாத்துக்கறேன். வீடு வீடா போறதுக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

எட்டுப் பேரும் ஒரே குரலில் "வேணாம்!" என்றார்கள். சேலையூரில் நான் வைத்த தால்ச்சாக் குழம்பை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. உப்பு நான் போட்டேனா போடவில்லையா என்று ஞாபகம் இல்லாமல் மூன்று முறை போட்டிருந்தேன்.

"நீங்க கூட்டத்தோட போங்க பாய்," என்றார் அமீர் சாப். "பொழுது சாஞ்சு மஃக்ரிப் தொழுகைக்கு அப்புறம் பேச்சும் ஒங்களுதுதான். நீங்க பேசுனா ஜனங்க தூங்க மாட்டாங்க. சக முஸ்லிமை மதிக்கிறதப் பத்திப் பேசுங்க."

"அத நான் பேசறதா?"

"ஆலோசனைல முடிவாயிடுச்சு. கொடி காட்டியாச்சு."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கிளம்பினோம். இந்த நடைக்கு ஒரு முறை உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவர் வழி காட்டுவார். ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மனதுக்குள் இறைவனை நினைத்துக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, தெருவோரமாக நடக்க வேண்டும். யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கக் கூடாது. அன்று பேசுபவர் ஐ.டி.காரர். நான் தரையைப் பார்ப்பவன்.

நாலாவது வீடு, இரண்டாம் மாடி. வழிகாட்டி மணியை அடித்தார். கதவு திறந்தது. ஐ.டி.காரர் சலாம் சொன்னார். பதில் சலாம் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் என் கழுத்து விறைத்தது. ஆனால் பார்வை முறைப்படி தரையில்தான் இருந்தது. தரையில் இரண்டு கால்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் போடும் பட்டை வைத்த கறுப்புச் செருப்பு. வலது காலில் ஐந்து விரல். இடது காலில் வெள்ளைக் கட்டு. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கட்டு சப்பையாக இருந்தது.

என் அண்ணன் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். ஊரெல்லாம் போடும் செருப்புக்குத் தோல் வெட்டிக் கொடுத்தவன். அவன் காலில் ஒரு விரல் இல்லை. எனக்கு அது தெரியாது.

ஐ.டி.காரர் அழகாகப் பேசினார். இந்த வாழ்க்கை கொஞ்ச நாள், தொழுகைக்கு வாருங்கள், இப்போதே எங்களோடு வாருங்கள். எல்லா வீட்டிலும் சொல்வது. எல்லா வீட்டிலும் 'இன்ஷா அல்லா' என்பார்கள், வர மாட்டார்கள். அண்ணன் முழுவதையும் கேட்டான். பிறகு, "வரேன் பாய். சட்ட மாட்டிக்கினு வரேன். ஒண்ணு கேக்கட்டா? அந்த ஓரமா தரைய பாத்துக்கினு நிக்கிறாரே, அவரு இன்னா, வாய் பேச மாட்டாரா?"

"இல்ல பாய். அவர் மனசுக்குள்ள திக்ரு செய்யறாரு. பேசக் கூடாதுன்னு முறை."

"செய்யட்டும், செய்யட்டும். நாலு வருஷமா செய்யறாரு போல கீது."

கதவு மூடியது. ஐ.டி.காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மண்டைக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. விரலை எடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! பத்திரிகையில்தான் நான் இல்லை, ஆஸ்பத்திரியிலும் நான் இல்லையா? அடுத்த ஐந்து வீடுகளில் தரையைப் பார்த்துக்கொண்டு நான் செய்தது திக்ரு அல்ல. அதை எழுதினால் அச்சில் வராது.

பள்ளிவாசலுக்குத் திரும்பியதும் அமீர் சாபைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் இப்பவே அவன் வீட்டுக்குப் போவணும். நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்."

"கேட்டு?"

"கேட்டுட்டு வந்துடுவேன்."

"வண்டி ஸ்டேஷன விட்டு வந்தாச்சு பாய். நடுவுல குதிச்சா காலு போவும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தாடியைத் தடவினார். "அவரு வரேன்னு சொன்னாரா? வந்தாருன்னா பாத்துக்கலாம். இப்ப பேச்ச நெனைங்க."

வந்தான். மஃக்ரிப் ஆரம்பித்த பிறகு, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது, தொழுகையில் நிற்கிறேன். அதன் பிறகு இமாம் ஓதிய எதுவும் என் காதில் விழவில்லை.

தொழுகை முடிந்து பேச உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினேன். அதுதான் கேவலம். சக மனிதனை மதிக்க வேண்டும், அவனுடைய குறையை மறைக்க வேண்டும், மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்றெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். நடுவில் என் தால்ச்சா கதையையும் சொன்னேன். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நாற்காலி சிரிக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் வழக்கம்போல், அடுத்து மூன்று நாளோ ஒரு நாளோ எங்களோடு வரத் தயாராக இருப்பவர்கள் பேர் கொடுக்க வேண்டும். அமீர் சாப் நோட்டையும் பேனாவையும் என் கையில் திணித்தார். "எழுதுங்க."

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். எனக்கு யாரையும் தெரியாது. "பேரு சொல்லுங்க பாய். இனிஷியல்? எந்தத் தெரு?" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பின்னாலிருந்து அண்ணனும் கை தூக்கினான். "மூணு நாள் முடியாது. காலுக்குக் கட்டு மாத்தணும். ஞாயித்துக்கிழம ஒரு நாள் வரேன்," என்றான். அமீர் சாப் தலையாட்டினார். நான் அவனை முறைத்தேன். அவன் என்னை முறைத்தான். இப்போது கட்டைக் காட்டி எல்லாருடைய பரிதாபத்தையும் வாங்குகிறான் பார் என்று எனக்கு எரிந்தது. அதற்குள் முன்னால் ஒருவர் கை தூக்கிவிட்டார். "பேரு சொல்லுங்க பாய்."

அமீர் சாப் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சத்தமாகப் படித்தார். ஏழு பேர். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எட்டுப் பேர் கை தூக்குனாங்களே?"

நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். ஏழுதான் இருந்தது. மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "என் பேரு இல்லியா?"

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. நாலு வருஷமாக ராத்திரி பகலாக அவனையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் பேரை எழுத எனக்கு மறந்துவிட்டது.

"உட்டுப் போச்சா?" என்றான் அண்ணன். சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை. "உட்டுப் போவும்டா. தெரியாதவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதுவோம். கூடப் பொறந்தவன்கிட்ட இன்னா கேக்கறது? கேக்க மாட்டோம். அப்டியே உட்டுப் போவும். மச்சான்மாருக்கெல்லாம் போன் போட்டு, பி.இ.யா பி.டெக்கானு கேட்டு எழுதினேன். ஒன்கிட்ட கேக்க இன்னா இருந்துச்சு? நீ இன்னா படிச்சேன்னு எனக்குத் தெரியாதா? பத்தாவது பெயிலு."

பள்ளிவாசலில் இருந்த எல்லாரும் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கொசு மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"அத அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீ வந்து கேட்டிருக்கலாம் இல்ல? மண்டபத்து வாசல்ல ஒனக்காக நின்னேன். மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, நான் உள்ள போவல. பொண்ணு, சித்தப்பா எங்கனு கேட்டா. அவளுக்கு நான் இன்னா சொல்றது?"

வாயில் வைத்திருந்த நறுக்கு வார்த்தைகள் நாலும் அப்படியே இருந்தன. சொல்ல இடம் இல்லை. என் கோபம் என்னிடமே நின்றது, யார் மேல் போவது என்று தெரியாமல். நாலு வருஷம் தீனி போட்டு வளர்த்தது அவ்வளவு சீக்கிரம் போகவும் இல்லை.

அமீர் சாப் நோட்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல பேர எழுதுங்க." எழுதினேன். இனிஷியலோடு. "இப்ப, வந்தவங்கள வீடு வரைக்கும் கொண்டு விடறதும் நம்ம முறைதான். போய் விட்டுட்டு வாங்க. ராத்திரி இஷா தொழுகைக்கு இங்க இருக்கணும்."

வழியெல்லாம் சண்டை. அவன் நொண்டி நொண்டி நடக்க, நான் ஸ்கூட்டர்களை விலக்கிக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏன் கூப்பிடவில்லை என்று நான். எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, நீதான் மாற்றிவிட்டாயே என்று அவன். செல்போன் கடைக்காரன் நம்பரைக் கண்டுபிடிக்க முடியாதா என்று நான். கடைக்கு வந்து நின்றால் உன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே என்று அவன். தெருமுனையில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தொப்பியைப் பார்த்து, ஏதோ மார்க்க விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணி கதவைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் பஞ்சும் துணிச்சுருளும் இருந்தன.

"எனக்கு இந்தக் கட்ட மாத்தவே கை நடுங்குது. மக கல்யாணமாகிக் கோயமுத்தூர் போயிட்டா. ஒங்க வீட்டுக்காரிதான் வாரத்துல ஒரு நாள் வந்து மாத்துவா, மத்த நாள் நானே எப்டியோ சுத்தி உடறேன். அவ ஒங்ககிட்ட சொல்லலியா?"

என் வீட்டுக்காரியா! என்னை நாற்பது நாளுக்கு அனுப்பிவிட்டு, 'மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்' என்றாளே, இதுதானா? அந்த நிமிஷமே அவளைக் கூப்பிட்டுக் கிழிக்கலாம் என்று பாக்கெட்டில் கை விட்டேன். காலி. போன் மஞ்சள் பையில் இருந்தது.

"உள்ள வாடா," என்றான் அண்ணன். "கல்யாணத்துக்குத்தான் வரல."

நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தேன். அண்ணி போனில் டார்ச் அடித்தாள். அது புதிய போன். என்ன மாடல் என்று நான் பார்க்கவில்லை. பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வலிக்கும். சலைன் தண்ணீரை விட்டு ஊற வைத்து, ஓரத்திலிருந்து இழை இழையாகப் பிரித்தேன். சர்க்யூட் போர்டிலிருந்து நூல் மாதிரி ஒயரை எடுக்கும் கை. அது நடுங்கவில்லை.

"எவ்ளோ நாளா சுகரு?"

"இருக்கு."

"மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"போடறேன்."

"பொய் சொல்லாத. காலு எடுக்கற வரைக்கும் போவியா நீ? அறிவு கீதா ஒனக்கு? அசையாத. அசையாதன்றேன் இல்ல!"

இஷாவுக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. எழுந்திருக்கவில்லை. துணியைச் சுற்றி, டேப்பைக் கிழித்து, ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். பிறகு திட்டிக்கொண்டே பள்ளிவாசலுக்கு ஓடினேன். கடைசி வரிசையில் போய் நின்று, இமாம் முடித்த பிறகு விட்டுப்போனதை எழுந்து தொழுதேன். விட்டுப்போனது இரண்டு ரக்அத். எண்ணினேன், சரியாக வந்தது.

சலாம் கொடுத்துத் திரும்பினால், அமீர் சாப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லேட்டு."

"ஆமா," என்றேன். "நாளைக்கும் லேட்டுதான். தெனம் கட்டு மாத்தணும். அவன் ஒரு மடையன், மாத்திரையே போடறதில்ல."